ஏற்றத்து வீதியில் ஒரு நாள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை என்ற பெயரைத் தாங்கி நிற்பது கீரிமலை. அங்கும் மலையைத் தேடிச் செல்பவர் கடலையே காண்பார். மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வரை துவிச்சக்கர வண்டியிற் சென்று மீள்பவர், ஏற்றம் கருதி ஓரிடத்திலேனும் இறங்கி நடக்க வேண்டியதில்லை. இத்தகைய சமநிலத்தில் வண்டி ஓடிப் பழகிய ஒருவர், கண்டி வீதியாகிய ஏ-9 வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டு, தம்புள்ளையிலிருந்து கண்டி வரையுள்ள 45 மைலையும் ஒரே நாளிற் கடக்க முற்படுவாராயின், அந்நாள் அவருக்குத் தேகப்பயிற்சியாக மட்டும் அமையாது. வரலாற்றுப் பாடமாகவும் அமையும். அப்பாடத்தையே இன்று நேயர்களுடன் சேர்ந்து படிக்க விரும்புகின்றேன்.

முதலில் வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரு சில்லுகளும் ஒத்த அளவினவாய், சங்கிலியால் இயங்கும் இன்றைய வண்டியின் முன்னோடி 1885இல் இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவரால் ஆக்கப்பட்டது. காற்றடைத்த டயரை 1888இல் பெல்பாஸ்ற் நகரிலே டன்லப் அமைத்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1876இல், இறப்பர்க் கன்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. ஏற்றத்துக்கேற்ப வேகப்பல்லை மாற்றும் பொறியைப் பிரான்சிலே போல் டி விவி என்பவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். எனினும், பெயர்பெற்ற பிரெஞ்சு நாட்டுச் சுற்றோட்டப் போட்டியில் அப்பொறி 1937இலேதான் அனுமதிக்கப்பட்டது. நம்மூர் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஆகவே ஏற்றம் கடுமையானால் இறங்கித் தள்ளுவதே நமக்கு வழி.

தம்புள்ளையிலிருந்து அதிகாலையிற் புறப்படுபவருக்கு முதற்பகுதி கடினமன்று. வீதி மெல்ல மெல்ல உயர்கின்றது. நாவுலையைக் கடந்ததும், வீதியை விட்டுச் சிறிது உள்ளே, நாலந்தாக் கெடிகே என்னும் கற்கோயில் உண்டு. திராவிடச் சிற்பமுறையின் சாயல் அதிலே தெளிவாகத் தெரியும். நீர்த்தேக்கம் ஒன்றின் பொருட்டுக் கல்கல்லாகப் பெயர்த்து மேட்டுநிலத்தில் மீள அமைக்கப்பட்டது அது. மாத்தளைக்கு அணித்தாய் அலுவிகாரை இருக்கின்றது. பௌத்தத்தின் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அதுவென்பர். இவ்வாறு 29 மைல் கடந்து மாத்தளையை அடையும்போது ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் நிற்கின்றோம்.

மாத்தளையிலே வீதியின் வரலாறு கசக்கத் தொடங்குகின்றது. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் மலைநாட்டுக்கு வீதிகள் அமைப்பதில் முனைந்தார். அவ்வேலையிற் பதின்பருவத்திலேயே இறங்கிய தோமஸ் ஸ்கின்னரின் பெயரைப் பாடநூல்கள் போற்றுகின்றன. ஆயின் மண்வெட்டி பிடித்த கைகள் யாருடையவை? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்ட கிராமத்தவரின் கைகள் அவை. இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. எனினும் 1848இல் வந்த புதிய சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய். அன்றேல் மூன்று சிலிங் கட்டு என்றது. வேறு வரிகளும் உடன்வந்தன. அவ்வாண்டு ஜூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. அக்கிளர்ச்சியின் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே வீதி இன்னொரு கூட்டத்தாரின் கால்களையும் அறியும். 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டனர். தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து ஏறக்குறைய 150 மைல் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தனர். கங்காணி முன்செல்ல, மூட்டை தலையிலும் குழந்தை இடுப்பிலுமாக நடந்தவர்களை வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே வீழ்த்தின. வீழ்ந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. நடந்து வந்தோர் வணங்கிய இடத்திலிருந்து வளர்ந்ததே மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் என்பது அங்கு வழங்கும் மரபு.

மாத்தளைக்கு அப்பால் எஞ்சியவை 16 மைல். பலகடுவை ஏற்றத்தில் வண்டியின் மிதி மறுக்கும், மூச்சு முட்டும். இறங்கி, கைபிடியைப் பற்றித் தள்ளிக்கொண்டு நடக்கின்றோம். மோட்டார் வண்டியிற் போவோர் அரைமணி நேரத்திற் கடந்துவிடும் அந்த ஏற்றத்தில், நாம் அன்று நடந்தோரின் வேகத்துக்கே இறங்கி வந்துவிடுகின்றோம். வரலாற்றைக் காலால் அறியும் கணம் இதுவே.

நமது ஊர்ப்பெயரிலே மடம் உண்டு. வழிப்போக்கர் தங்க மடம், சுமை இறக்கச் சுமைதாங்கி, மாடு உராயும் ஆவுரோஞ்சிக்கல், நீர் அருந்தக் கேணி ஆகிய இவற்றைத் தெருவோரத்தில் அமைப்பதை நம் முன்னோர் அறமெனக் கொண்டனர். பருத்தித்துறையின் தெருமூடிமடம் அதற்கு இன்றும் சான்று. சுமையோடு நடப்பதன் துன்பமும் நமக்குப் புதியதன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள், ஏற்றக்கூடியதையெல்லாம் துவிச்சக்கர வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு, மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவ்வாறிருந்தும், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களின் சந்ததியார் 1948இன் சட்டத்தால் நாடற்றவராகி, 2003 வரை அக்குறை முற்றாக நீங்காது வாழ்ந்தனர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனைபேர் அறிவர்?

2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு நடைபவனி ஓகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்தது. முன்னோரின் வழியைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் நடந்து காட்டினர்.

ஆகவே, விடுமுறையிலே மலைநாடு செல்ல விரும்பும் இளைஞருக்கு நான் கூறுவது இதுதான்: கண்டிக்குப் போகும் வீதியை வெட்டியவரையும் அதிலே நடந்தவரையும் அறிந்துகொண்டு போங்கள். மாலையிலே கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து கண்டி நகரின் விளக்குகளைக் காணும்போது கால்கள் வலிக்கும். அந்த வலி ஓரிரவிலே தீர்ந்துவிடும். அறிந்துகொண்டது தீராது நிற்கட்டும்.