இரண்டு டேப் ரெக்கார்டர்களும் ஒரு கிட்டாரும்

கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் பிரையன் ஈனோவும் சேர்ந்து செய்த ‘நோ புசிஃபுட்டிங்’ ஆல்பம் 1973 நவம்பரில் பிரிட்டனில் வெளிவந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள். முதல் பக்கம் முழுக்க ஏறத்தாழ 21 நிமிடம் ஓடும் ‘தி ஹெவன்லி மியூசிக் கார்ப்பரேஷன்’; மறுபக்கம் 19 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ‘ஸ்வஸ்திகா கேர்ள்ஸ்’. பாட்டு இல்லை, டிரம் இல்லை, கை தட்டித் தாளம் போட எதுவும் இல்லை. இருவரும் பேர்பெற்ற ராக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அந்தக் குழுக்களின் ரசிகர்கள் பெயரைப் பார்த்து வாங்கிப் போய், ஊசியை வைத்ததும் குழம்பியிருக்கக்கூடிய தட்டு அது. ஆனால் ஆம்பியன்ட் இசையின் வரலாற்றையும், வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட இன்று மேடைகளில் புழங்கும் லூப் பெடலின் வரலாற்றையும் இந்தத் தட்டை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ஃப்ரிப் 1946இல் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் விம்போர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1969இல் முதல் தட்டை வெளியிட்ட கிங் கிரிம்ஸன் குழுவின் தூண் அவர்தான். ராக் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பவர். விரல் சுத்தத்துக்குப் பெயர் போனவர். ஈனோ அவரைவிட இரண்டு வயது இளையவர். இப்ஸ்விச்சிலும் வின்செஸ்டரிலும் ஓவியக் கல்லூரிகளில் படித்தவர். எந்த வாத்தியத்தையும் முறையாகக் கற்றதில்லை. ராக்ஸி மியூசிக் குழுவில் வி.சி.எஸ்.3 சிந்தசைசரையும் டேப் கருவிகளையும் கையாண்டார். மற்றவர்கள் வாசிப்பதைத் தன் கருவிகளுக்குள் வாங்கி உருமாற்றி அனுப்புவது அவர் வேலை. தன்னை இசைக்கலைஞர் அல்லாதவர் என்றே சொல்லிக்கொண்டார்.

இவர்கள் சந்தித்ததில் வியப்பில்லை. இரு குழுக்களையும் நிர்வகித்தது ஈ.ஜி. என்ற ஒரே நிறுவனம். ராக்ஸி மியூசிக்கின் பாடகர் பிரையன் ஃபெர்ரி அதற்கு முன் கிங் கிரிம்ஸனில் பாட வாய்ப்புக் கேட்டுக் குரல் தேர்வுக்கு வந்தவர். ராக்ஸியின் முதல் தட்டைத் தயாரித்த பீட் சின்ஃபீல்ட் கிங் கிரிம்ஸனின் பாடலாசிரியர். 1972 கோடையில் மேட்சிங் மோல் குழுவின் ஒரு தட்டை ஃப்ரிப் தயாரித்தபோது, அதில் ஒரு பாட்டுக்குச் சிந்தசைசர் வாசிக்க ஈனோ வந்தார். சில வாரங்களில், ஒருநாள் மாலை தன் வீட்டுக்கு வருமாறு ஃப்ரிப்பை அழைத்தார்.

அந்த வீட்டில் காத்திருந்த உத்தி ஈனோவின் கண்டுபிடிப்பு அல்ல. 1963இல் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, பாரிசில் கென் டூயி என்பவரின் ‘தி கிஃப்ட்’ நாடகத்துக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தார். டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரின் ஜாஸ் குழு வாசித்ததைப் பதிவு செய்து, அது திரும்பத் திரும்ப அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும் என்று பிரெஞ்சு வானொலி ஸ்டுடியோவில் கேட்டார். அங்கிருந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒரே டேப்பை இரண்டு ரெக்கார்டர்களுக்கு இடையே ஓடவிட்டு அதைச் செய்து காட்டினார். பொறியாளரின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. இந்த உத்திக்கு முதல் உரிமை அவருடையது. ரைலி அதைத் தன் தனிக்கச்சேரிகளுக்கு எடுத்துக்கொண்டு, சோப்ரானோ சாக்ஸபோனை அதனுள் வாசித்தார். 1969இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘எ ரெயின்போ இன் கர்வ்ட் ஏர்’ தட்டின் இரண்டாம் பக்கத்தில் அதைக் கேட்கலாம். இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1966இல் டொரான்டோ பல்கலைக்கழக ஸ்டுடியோவில் இதே போன்ற டேப் அமைப்புகளைக் கொண்டு ‘ஒன் ஆஃப் ஃபோர்’ என்ற மின்னிசைப் படைப்பை நேரடி வாசிப்பாகவே செய்து முடித்தார். ஆக 1972இல் உத்தி பழையதுதான். ராக் கிட்டாரின் நீண்டு அறுபடாத ஒலியை அதற்குள் விட்டுப் பார்த்தார்கள் இவர்கள்.

ஈனோவிடம் இருந்தவை இரண்டு ரெவாக்ஸ் ஏ77 ரீல் ரெக்கார்டர்கள். சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனத் தயாரிப்பு. வசதியுள்ள இசை ஆர்வலர்கள் வீட்டில் வைத்திருக்கக்கூடிய கருவி. இரண்டையும் அருகருகே வைத்து, முதல் கருவியின் இடது ரீலிலிருந்து புறப்படும் டேப்பை அதன் வலது ரீலில் சுற்றாமல் நேரே இரண்டாம் கருவிக்குக் கொண்டுபோய், அதன் வலது ரீலில் சுற்ற வைக்க வேண்டும். முதல் கருவி பதிவு செய்யும்; இரண்டாம் கருவி அதே டேப்பைச் சற்று நேரம் கழித்துப் படிக்கும். இரண்டாம் கருவியில் கேட்கும் ஒலியைக் கம்பி வழியாக முதல் கருவிக்குத் திருப்பி அனுப்பினால், பழைய ஒலியும் புதிய வாசிப்பும் சேர்ந்து மறுபடி பதிவாகும். டேப் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி, ஒரு கருவியின் பதிவு ஹெட்டிலிருந்து மற்றதன் ஒலி படிக்கும் ஹெட் வரை 95 சென்டிமீட்டர் தூரம் இருந்தால், வாசித்த சுரம் 5 விநாடி கழித்துத் திரும்பி வரும். மேசைகளை நகர்த்தினால் அந்த நேரம் மாறும்.

திரும்பும் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்கிறது. மேல் ஸ்தாயியின் கூர்மை முதலில் மங்குகிறது. டேப்பின் இரைச்சல் கூடுகிறது. சில சுற்றுகளில் தெளிவான சுரம் ஒரு நிழலாகி, பிறகு காணாமல் போகிறது. திரும்பும் ஒலியின் அளவைக் கூட்டினால் அது நெடுநேரம் தங்கும். குறைத்தால் சீக்கிரம் மறையும். இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. டேப் வளையமாக ஒட்டப்பட்டதல்ல, ஒரே நீளமாகப் போய்க்கொண்டே இருப்பது. எனவே வாசித்து முடிக்கும்போது இரண்டாம் கருவியின் ரீலில் முழு வாசிப்பும் எல்லா அடுக்குகளோடும் பதிவாகியிருக்கும். வாத்தியமும் பதிவுக் கருவியும் ஒன்றே. பெரிய ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்காமல் ஒரு முழுப் பக்கத்தை வீட்டிலேயே பதிவு செய்ய முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

1972 செப்டம்பர் 8 அன்று, லண்டனின் மெய்டா வேல் பகுதியில் இருந்த ஈனோவின் வீட்டுக்கு ஃப்ரிப் தன் கிப்சன் லெஸ் பால் கிட்டாரோடும் பெடல்களோடும் வந்தார். புது உறுப்பினர்களோடு கிங் கிரிம்ஸனை மறுபடி கட்டி எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆல்பம் போடும் எண்ணம் இருவருக்கும் இல்லை. கிட்டாரை ஈனோவின் கருவிகளில் செருகி ஃப்ரிப் வாசிக்கத் தொடங்கினார். ‘தி ஹெவன்லி மியூசிக் கார்ப்பரேஷன்’ அந்த மாலையில் பிறந்தது. அதில் கிட்டாரைத் தவிர வேறு ஒலிமூலம் கிடையாது.

உருப்படி ஒரே ஒரு நீண்ட சுரத்தோடு தொடங்குகிறது. வில் போட்டு இழுத்ததுபோல் தொடக்கமும் முடிவும் தெரியாமல் அது நிற்கிறது. அது திரும்பி வரும்போது இன்னொரு சுரம் அதன்மேல் வந்து அமர்கிறது. இப்படியே சில நிமிடங்களில் ஒரு கிட்டார் ஒரு கூட்டமாகிவிடுகிறது. தம்புராவின் சுருதிக்கு மேல் ஆலாபனை எழுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது: அடியில் அசையாத ஒலிப்பரப்பு, மேலே அவசரமில்லாமல் சுரம் சுரமாக நகரும் தனி வாசிப்பு. இந்த உத்தியின் முன்னோடியான ரைலி, 1970இலிருந்து கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்து இந்துஸ்தானி இசை கற்றவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்தக் கூட்டு முயற்சியின் தன்மை இங்கேதான் விளங்குகிறது. ஃப்ரிப் வாசித்தார்; எது தங்க வேண்டும், எது மறைய வேண்டும் என்பது ஈனோவின் கையில் இருந்தது. சில சுரங்களை அவர் சுற்றுக்குள் அனுப்பி அடுக்குகளாக வளர்த்தார். சிலவற்றைச் சுற்றுக்குள் விடாமல், ஒரே முறை கேட்டு மறையும் வாசிப்பாகப் பதிவு செய்தார். ஒருவர் ஐந்து விநாடிக்கு முன் வாசித்ததே அவருக்குப் பக்கவாத்தியமாக வருகிறது. ஆனால் அதன் அளவை இன்னொருவர் தீர்மானிக்கிறார். தன் வாசிப்பின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் கட்டுக்குள் வைத்துப் பழகிய ஒரு கலைஞர் பாதி அதிகாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். எந்த வாத்தியமும் முறையாகத் தெரியாதவர் அந்தப் பாதியைக் கொண்டு இசை அமைத்தார். ஃப்ரிப்பின் பெயரும் ஈனோவின் பெயரும் அட்டையில் சரிசமமாக நிற்பதற்கு முழு நியாயம் இருக்கிறது.

இரண்டாம் பக்கம் ஏறத்தாழ ஓராண்டு கழித்து வந்தது. இதற்குள் ஃப்ரிப் கிங் கிரிம்ஸனின் ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ தட்டை வெளியிட்டிருந்தார். ஈனோ ராக்ஸி மியூசிக்கை விட்டு விலகியிருந்தார். 1973 ஆகஸ்ட் 4, 5 தேதிகளில் லண்டனின் கமாண்ட் ஸ்டுடியோவில் ‘ஸ்வஸ்திகா கேர்ள்ஸ்’ பதிவானது. கலவை வேலை ஏர் ஸ்டுடியோவில் நடந்தது. இதில் ஈனோ சிந்தசைசரில் விடாமல் சுழலும் ஒரு விரைவான சுர வரிசையை ஓடவிட்டார். அதன்மேல் ஃப்ரிப்பின் கிட்டார் அடுக்குகள் ஏறின. நாஜிச் சின்னம் அணிந்த பெண்களின் படம் கொண்ட, யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு பத்திரிகைத் தாளிலிருந்து உருப்படிக்குப் பெயர் கிடைத்தது. கேட்பவருக்கு இது முதல் பக்கத்தைவிட நெரிசலாகப் படும். ஒலி நிறைய இருக்கிறது. ஒலிகளுக்கு நடுவே இடம் குறைவு. வீட்டில் ஒரே மாலையில் அமைந்த நிதானம், வசதிகள் மிகுந்த ஸ்டுடியோவில் கூடி வரவில்லை.

ஆல்பத்தின் தலைப்பு மிக்ஸிங் மேசையில் ஃப்ரிப் வைத்திருந்த ஒரு குறிப்புச் சீட்டிலிருந்து வந்தது. தயங்கித் தயங்கி அடி வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அட்டைக்கு, சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஒரு சிறு அறையில் இருவரையும் உட்கார வைத்து வில்லி கிறிஸ்டி படம் எடுத்தார். பிம்பத்துக்குள் பிம்பமாக அவர்கள் எல்லையில்லாமல் பெருகித் தெரிகிறார்கள். ஐலண்ட் நிறுவனம் இதைத் தன் ‘ஹெல்ப்’ என்ற மலிவு விலை வரிசையில் 16ஆம் எண்ணாக வெளியிட்டது. கிங் கிரிம்ஸனின் ‘எர்த்பவுண்ட்’ என்ற கச்சேரிப் பதிவும் முந்தைய ஆண்டு அதே வரிசையில்தான் வந்திருந்தது.

1973 டிசம்பரில் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் இந்த ஆல்பத்தை ஒலிபரப்பினார். அனுப்பப்பட்ட டேப் முடிவுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டிருந்ததால், அது தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியது. ஒலிபரப்பைக் கேட்ட ஈனோ பி.பி.சி.யைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை. பெரும்பாலான நேயர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இந்த இசையின் குறையாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. தொடக்கம், உச்சம், முடிவு என்று நடக்கும் இசை அல்ல அது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

கிங் கிரிம்ஸன் 1974இல் கலைந்தது. 1975 மே மாதத்தில் ஃப்ரிப்பும் ஈனோவும் ஐரோப்பாவில் சில கச்சேரிகள் செய்தார்கள். மால்கம் லெ கிரைஸின் ‘பெர்லின் ஹார்ஸ்’ சோதனைப்படம் பின்னணியில் ஓட, இருவரும் அரையிருட்டில் உட்கார்ந்து வாசித்தார்கள். பழைய ராக் பாட்டுகளை எதிர்பார்த்து வந்த பலர் ஏமாந்து போனார்கள். அந்தக் கச்சேரிகளில் ஃப்ரிப்பின் வாசிப்புக்கு அடித்தளமாக ஈனோ தன் வீட்டில் ஆயத்தம் செய்த ஒலிப்பதிவே ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ என்று தனித்தட்டாக வந்தது. ரெக்கார்டர்கள் எப்படி இணைக்கப்பட்டன என்பதைக் காட்டும் வரைபடத்தை ஈனோ அதன் அட்டையில் அச்சிட்டார். அதே ஆண்டு இருவரின் இரண்டாம் ஆல்பமான ‘ஈவ்னிங் ஸ்டார்’ வெளிவந்தது. அதில் ‘ஆன் இண்டெக்ஸ் ஆஃப் மெட்டல்ஸ்’ ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. ஈனோ இந்த வழியிலேயே போய், 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தட்டில் ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைநாட்டினார்.

ஃப்ரிப் சில காலம் இசைத் தொழிலை விட்டு விலகியிருந்தார். 1977இல் பெர்லினில் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பதிவுக்காக ஈனோவும் போவியும் அழைத்தபோதுதான் திரும்பி வந்தார். அங்கும் ஏற்பாடு பழையதுதான்: ஃப்ரிப்பின் கிட்டார் ஈனோவின் சிந்தசைசர் வழியாக ஓடியது. எந்தச் சுரத்துக்கு ஒலிபெருக்கியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் ஒலி அறுபடாமல் நிற்கும் என்று தரையில் அடையாளம் செய்துவைத்து அவர் வாசித்ததாகத் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு இரட்டை ரெவாக்ஸ் அமைப்பை ஃப்ரிப் தானே இயக்கக் கற்றுக்கொண்டார். அவர் தோழியும் கவிஞருமான ஜோனா வால்டன் அதற்கு ‘ஃப்ரிப்பர்ட்ரானிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1979இல் இரண்டு ரெக்கார்டர்களையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு, பெரிய அரங்குகளை ஒதுக்கிவிட்டு, தட்டுக் கடைகளிலும் உணவகங்களிலும் வாசித்தார். அந்தப் பயணங்களின் பதிவுகளிலிருந்து 1981இல் ‘லெட் த பவர் ஃபால்’ வந்தது. ஈனோ இல்லாத இந்தப் பதிவுகள் துல்லியத்தில் ஒரு படி மேல். ஆனால் வாசிப்பவரே எதை வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்வதால், மெய்டா வேல் பதிவில் இருக்கும் எதிர்பாராத திருப்பங்கள் அவற்றில் குறைவு. 1990களில் ரீல்களின் இடத்துக்கு டிஜிட்டல் டிலே கருவிகள் வந்தன. ஒலி எத்தனை முறை சுற்றினாலும் தேய வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. நேரமும் நிமிடக் கணக்கில் நீண்டது. ஃப்ரிப் அந்த வாசிப்பை ‘சவுண்ட்ஸ்கேப்ஸ்’ என்று அழைத்தார். 2000களில் காலால் மிதிக்கும் சிறு பெட்டியாக லூப் பெடல் கடைகளுக்கு வந்தபோது, தனியாளாக மேடையேறும் பாடகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஃப்ரிப்பும் ஈனோவும் 2004இல் ‘தி ஈக்வடோரியல் ஸ்டார்ஸ்’ ஆல்பத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். ‘நோ புசிஃபுட்டிங்’ 2008இல் இரண்டு சி.டி.க்களாகச் செம்மைப்படுத்தி வெளியிடப்பட்டது. அதில் இரு உருப்படிகளின் தலைகீழ் வடிவங்களும், முதல் உருப்படியின் பாதி வேக வடிவமும் சேர்க்கப்பட்டன. பாதி வேகத்தில் அது 40 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. 1975 மே 28 அன்று பாரிசின் ஒலிம்பியா அரங்கில் இருவரும் செய்த கச்சேரி, மூலப் பின்னணி டேப்புகளின் உதவியோடு சீர்செய்யப்பட்டு 2014இல் வெளிவந்தது.