வரப்போகும் கணினியும் நின்றுவிடும் என்ற கணினியும்

2025 ஒக்டோபர் 14 நெருங்கிய வாரங்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அன்றைக்குப் பிறகு எங்கட கொம்பியூட்டர் வேலை செய்யாதாமே, உண்மையா?" எம்பிலிப்பிட்டியவில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லப்டொப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். 1977 இலும் 1983 இலும் அடிபட்டு இந்தப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் இப்போது தொலைபேசியில் கேட்கிறார்கள். கணினி அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ அனுப்பிய காசு, அல்லது மாதா மாதம் கட்டும் கடன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கேள்விக்கு விடை சுருக்கமானது. அந்தத் திகதியில் எந்தக் கணினியும் நிற்கவில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் மட்டுமே அன்றோடு முடிந்தன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் இதுவேதான் நடந்தது. அவையும் அடுத்த நாள் காலையில் வழமைபோல இயங்கின. ஆனால் வட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியில் "இற்றைப்படுத்தல் நிற்கும்" என்பது "கணினி நிற்கும்" என்று மாறிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து, நல்ல நிலையில் இருந்த லப்டொப்பைக் கிடைத்த விலைக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள்.

கணினி உலகின் வதந்திகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று "நின்றுவிடும்" என்பது. மற்றது "வரப்போகிறது" என்பது. முதலாவது அவசரப்பட வைக்கும், இரண்டாவது காத்திருக்க வைக்கும். இரண்டிலும் கை வைக்கப்படுவது நம் பணத்தில்தான்.

"வரப்போகிறது" என்ற சொல் ஒரு நிறுவனத்தையே கவிழ்த்த கதையில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. அடம் ஒஸ்போர்ன் 1939 இல் பாங்கொக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர், அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். ஆகவே மகனின் சிறுவயது திருவண்ணாமலையில் கழிந்தது. பின்னாளில் அமெரிக்காவுக்குப் போன அடம், 1981 இல் ஒஸ்போர்ன் 1 என்ற கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியாகப் பெருமளவில் விற்றது அதுதான். தூக்கிக்கொண்டு என்றால் ஏறக்குறைய 11 கிலோ. திரை வெறும் 5 அங்குலம். விலை 1,795 டொலர். 1983 தொடக்கத்தில், இதைவிடச் சிறந்த அடுத்த மாதிரிகள் வருகின்றன என்ற பேச்சை நிறுவனமே வெளியே விட்டது. கடைக்காரர்கள் பழையதற்குக் கொடுத்த ஓடர்களை நிறுத்தினார்கள். புதியது கைக்கு வரத் தாமதமானது. அதே ஆண்டு செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்து ஆனது. அடுத்த மாதிரியை முன்கூட்டியே அறிவித்து இருப்பதை விற்க முடியாமல் போவதை இன்றும் "ஒஸ்போர்ன் விளைவு" என்றே சொல்கிறார்கள். போட்டி நிறுவனங்கள் மலிவாகக் கொடுத்ததும் நிர்வாகக் குளறுபடியும்தான் உண்மையான காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. மூன்றும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். அடம் ஒஸ்போர்ன் 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

அந்த அனுபவத்துக்குப் பிறகும் நிறுவனங்கள் முன்கூட்டி அறிவிப்பதை நிறுத்தவில்லை. போட்டியாளரின் பொருளை வாங்கப் போகிறவரை "கொஞ்சம் பொறுங்கள், எங்களுடையது வருகிறது" என்று தடுத்துவைக்க அது உதவுகிறதே. மைக்ரோசொப்ட் விண்டோஸின் முதற் பதிப்பை அறிவித்தது 1983 நவம்பரில். விற்பனைக்கு வந்தது 1985 நவம்பரில். அறிவித்துவிட்டு வராமலே இருக்கும் பொருளை ஆங்கிலத்தில் "வேப்பர்வெயார்" என்று கேலியாகச் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் பரவியது. நீராவியால் செய்த பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். 1997 இல் அறிவித்த டியூக் நியூகெம் போரெவர் என்ற விளையாட்டு 2011 இல்தான் வந்தது. அறிவித்தபோது பள்ளிக்கூடம் போன பையன்கள் அதற்குள் தகப்பன்மார் ஆகியிருப்பார்கள்.

மென்பொருள் தாமதத்துக்கு மிகப் பெரிய பாடம் லோங்ஹோர்ன். 2001 ஒக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு, அடுத்தது இரண்டு ஆண்டுகளில் வரும் என்று அந்தப் பெயரில் வேலை நடந்தது. வீடு கட்டும்போதே அறைகளைக் கூட்டிக்கொண்டு போனதைப் போல ஒவ்வொரு குழுவும் புதிய வசதிகளைச் சேர்த்தது. 2004 இல் அதுவரை எழுதியதைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, வேறொரு அடித்தளத்தில் திரும்பத் தொடங்கினார்கள். பெரிதாகப் பேசப்பட்ட வின்எப்எஸ் என்ற கோப்பு முறைமையைக் கைவிட்டார்கள். கடைசியில் 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா என்ற பெயரில் பொதுமக்களுக்கு வந்தது. அவ்வளவு காத்திருந்தும் பலருக்கு அது பிடிக்கவில்லை. இருந்த கணினிகளில் மெதுவாக ஓடியது.

அண்மைய உதாரணம் ரீகோல். திரையில் நீங்கள் பார்ப்பதைப் படம் படமாக எடுத்து வைத்து, பிறகு தேடித்தரும் வசதி. 2024 மே மாதம் அறிவித்தார்கள். ஜூனில் வர இருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் நிறுத்தி, திருத்தி, 2025 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். கண்காணிப்பு என்றால் என்னவென்று அனுபவித்த நம்மவர்கள் இந்தத் தாமதத்துக்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. புதிய வகைக் கணினிகளில் மட்டுமே உள்ள இந்த வசதியை விரும்பாதவர்கள் இயக்காமல் விடலாம்.

வன்பொருள் தாமதத்தின் கதை வேறு. ஒரு பெரிய சிலிக்கன் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒரே தடவையில் செய்கிறார்கள். அதில் எத்தனை நல்லதாகத் தேறுகின்றன என்பதே இலாபத்தைத் தீர்மானிக்கும். தோட்டத்தில் நிறுவைக்குப் போகும் கொழுந்தில் முற்றல் இலையைக் கழிப்பதைப் போலத்தான். கழிவு கூடினால் கூடை நிறைந்தும் பயனில்லை. இன்டெல் நிறுவனத்தின் 10 நனோமீற்றர் சில்லுகள் 2016 அளவில் எதிர்பார்க்கப்பட்டவை. தேறியவை போதாததால் இழுபட்டு, லப்டொப்களில் பரவலாக வந்தது 2019 இல்தான். அந்த இடைவெளியில் பழைய தொழில்நுட்பத்துக்கே புதிய இலக்கங்களை இட்டு ஆண்டுதோறும் விற்றார்கள். "புதிய தலைமுறை" என்ற ஒட்டியை மட்டும் பார்த்து வாங்குவதில் உள்ள ஆபத்து இது.

வதந்தி எல்லாமே பொய் என்றும் இல்லை. 2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதன் ஒரு பிரதி வெளியே கசிந்துவிட்டது. அது உண்மை. மறுபக்கத்தில், 2015 மே மாதம் மைக்ரோசொப்ட் ஊழியர் ஒருவர் மேடையில் நின்று "விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ்" என்ற பொருளில் பேசினார். உலகம் முழுவதும் அதை நம்பியது. ஆறு ஆண்டுகளில் 11 வந்தது. 2024 இல் விண்டோஸ் 12 வரும் என்று எத்தனையோ செய்திகள். அந்த ஆண்டு வந்தது 11 இன் அடுத்த பதிப்பு மட்டுமே. யார் சொன்னார் என்பதைவிட, எவ்வளவு கிட்டத்தில் சொன்னார் என்பதைக் கவனிக்கிறேன். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வரும் கசிவு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓர் ஆண்டுக்கு முன் வருவதில் விலையும் திகதியும் கிட்டத்தட்ட ஊகம்தான்.

வதந்தி எப்படி வேலை செய்யும் என்று யுத்தம் கண்டவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, பாதை திறக்குமாம், கப்பல் வருமாம் என்று கேட்டுச் சங்கக்கடையில் காத்திருந்தவர்கள் நீங்கள். அப்போது சரிபார்க்க வழி இருக்கவில்லை. இதற்கு வழி இருக்கிறது என்பதே வித்தியாசம்.

இலங்கையில் காத்திருப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் 360 ரூபா வரை போனது. 500 டொலர் லப்டொப் ஒரு இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ஆனது, அதுவும் வரியும் கடைக்காரர் இலாபமும் சேர்க்காமல். புதிய மாதிரி வந்தால் பழையது மலியும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த மலிவு கிடைக்கவேயில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 வீதமானது. 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போவதே காரணம். டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், குரூசியல் என்ற பெயரில் சாதாரண பாவனையாளருக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே "ரேம்" கூட்ட நினைப்பவர்கள் அடுத்த மாதம் மலியும் என்று யாராவது சொன்னால், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, கையில் விண்டோஸ் 10 கணினி இருக்கிறது. முதலில் அது 11க்குத் தகுதியா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கம்தான் சாவி. ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, பெரும்பாலும் தகுதி இல்லை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, தகுதி உண்டு. ஒன்றில் தொடங்கினால் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். 1135 என்பது பதினோராம் தலைமுறை. ஏஎம்டியில் ரைசன் 3000 வரிசையும் பிந்தியவையும் பெரும்பாலும் சரி. அடுத்தது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி. "உங்கள் கணினியில் டிபிஎம் இல்லை" என்று சொல்லிப் புதியதை விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தியவற்றில் அது பெரும்பாலும் இருக்கும், பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அங்கே இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். இயக்கிவிட இரண்டு நிமிடம் போதும்.

தகுதி இல்லாவிட்டாலும் உடனே வாங்கத் தேவையில்லை. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை மேலதிக பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் தருகிறது. 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசு இல்லாமலே சேரலாம். அமைப்புகளுக்குள் விண்டோஸ் அப்டேட் பகுதியில் அதற்கான இணைப்பு இருக்கும். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்தக் கணினியை ஓட்ட விரும்பினால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. பிள்ளையின் பாடத்துக்கும் கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் அது போதும். யுனிகோட் தமிழும் ஒழுங்காகத் தெரியும். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளில் தொழில் செய்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் 11 ஐ ஏற்றித்தருவதாகச் சொல்பவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: இற்றைப்படுத்தல் தொடர்ந்து வருமா? அப்படி ஏற்றிய கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் அதை உறுதி செய்வதில்லை.

இன்னொரு வதந்தியும் காதில் விழுகிறது. புதிய விண்டோஸில் பாமினி எழுத்து வேலை செய்யாது என்று. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஒரு எழுத்துரு, அவ்வளவே. எதிலும் நிறுவலாம், லினக்ஸிலும்கூட. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் எழுதிய மனுக்கள், காணிக் கடிதங்கள், இறந்தவர்களின் கடைசிப் புகைப்படங்கள் எல்லாம் நம்முடைய பழைய கணினிகளில்தான், பாமினியில்தான் கிடக்கின்றன. இயங்குதளத்தை மாற்றக் கொடுக்கும்போது வன்தட்டைத் துடைத்துவிட்டு ஏற்றுவதே பல கடைகளின் வழக்கம். கொடுப்பதற்கு முன் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை உறவினர் வீட்டிலும் வையுங்கள். மனுக்களை பிடிஎப் ஆகவும் சேமித்து வைத்தால் எழுத்துருப் பிரச்சினை வராது. புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11 பல கணினிகளில் வன்தட்டைத் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அதன் மீட்புச் சாவி, கணினியில் நுழைந்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் கணக்கால் நுழைந்திருந்தால் சாவியும் அவரிடம்தான். கணினியைத் திரும்ப வாங்கும்போது உங்கள் சொந்தக் கணக்கை இடச் சொல்லி, அந்த 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள்.