அந்த மாணவனுக்கு ஒரு பதில்

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் 1878 ஆயுதச் சட்டம் நடத்தினேன். லிட்டன் பிரபு கொண்டுவந்தது. துப்பாக்கி வைத்திருக்க இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. "அநியாயச் சட்டம்" என்று கரும்பலகையில் எழுதினேன்.

ஒரு பையன் எழுந்தான். "சார், இப்பவும் லைசென்ஸ் வேணும்தானே? அது மட்டும் நியாயமா?"

மணி அடித்தது. தப்பித்தேன்.

பதில் இப்போது சொல்கிறேன். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸில் பிபின் சந்திர பால் அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லிப் பேசினார். 1931 கராச்சி காங்கிரஸோ, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமை என்றே தீர்மானித்தது. 1948 டிசம்பரில் அதை அரசியலமைப்பில் சேர்க்கக் கேட்டார் எச்.வி. காமத். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் நிராகரித்தது. பிரிவினை ரத்தம் காயாத நேரம். அந்த வருடம் ஜனவரியில்தான் காந்தியடிகள் துப்பாக்கிக்குப் பலியானார். 17 வருடத்தில் நாடு வேறாகியிருந்தது. 1959இல் புதுச் சட்டம் வந்தது. லைசென்ஸ் நீடித்தது; ஐரோப்பியருக்கான சலுகை அதில் இல்லை.

தம்பி, லைசென்ஸ் கேட்டது அநியாயமில்லை. ஆளுக்கொரு நீதி வைத்ததுதான் அநியாயம். அன்று கரும்பலகையில் நான் எழுதியது பாதிதான்.