பட்டறையும் காகித ஆலையும்: ஹைடன்ஹைம் ஃபோய்ட் குடும்ப நிறுவன வரலாறு (1825–1994)

ஆய்வுச் சுருக்கம்

மரக்கூழ்க் காகிதத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஜெர்மனியின் ஃபோய்ட் குடும்ப நிறுவனத்தை முன்வைத்து, அக்கண்டுபிடிப்பைத் தொழிலாக்கியதில் இயந்திரப் பட்டறைக்கு இருந்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மரக்கூழ், காகித இயந்திரம், குடும்ப நிறுவனம், ஹைடன்ஹைம், ஃபோய்ட்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பியக் காகித ஆலைகள் கந்தல் துணியையே மூலப்பொருளாக நம்பியிருந்தன. அச்சுத் தொழில் பெருகிய அளவுக்குக் கந்தல் கிடைக்கவில்லை. சாக்சனியைச் சார்ந்த நெசவாளரான ஃபிரெடரிக் காட்லோப் கெல்லர், 1843ஆம் ஆண்டளவில், நீர் தெளித்தவாறு மரத்தைச் சாணைக்கல்லில் அழுத்தி இழைகளாக அரைக்கும் முறையைக் கண்டார். கனடாவில் சார்லஸ் ஃபெனர்ட்டி என்பவரும் 1844இல் மரத்திலிருந்து செய்த காகித மாதிரியைச் செய்தித்தாள் ஒன்றுக்கு அனுப்பினார். முதன்மை யாருடையது என்னும் விவாதம் நெடியது. ஆனால் மாதிரித் துண்டு ஒன்றைச் செய்வதற்கும் ஓர் ஆலையை நடத்துவதற்கும் இடையிலுள்ள தொலைவை யார் கடந்தார் என்பதே பயனுள்ள வினா.

கெல்லரால் அத்தொலைவைக் கடக்க இயலவில்லை. பொருள்வசதியற்ற அவர், 1846இல் தம் முறையை ஹைடன்ஹைம் நகரின் காகித உற்பத்தியாளர் குடும்பத்தைச் சார்ந்த ஹைன்ரிக் ஃபெல்ட்டருக்கு விற்றார்; பிற்காலத்தில் காப்புரிமையைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் அவரால் செலுத்த முடியவில்லை. உலகெங்கும் பயன்பட்ட ஒரு முறையின் வருவாய் அதனைக் கண்டவரைச் சேரவில்லை.

பட்டறையின் பங்கு

பிரென்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹைடன்ஹைமில், ஜொஹான் மத்தேயஸ் ஃபோய்ட் தம் தந்தையின் பூட்டுத் தொழிற்பட்டறையை 1825இல் ஏற்றார். அங்குப் பணிசெய்தோர் ஐவர் மட்டுமே. நீர்ச்சக்கரங்களையும் காகித ஆலைகளின் கருவிகளையும் பழுதுபார்ப்பது அவர்களது வேலைகளுள் முதன்மையானது. பழுதுபார்ப்பவன் ஓர் இயந்திரம் எங்குத் தேய்கிறது, எங்கு முறிகிறது என்பதை அதனை வடிவமைத்தவனைவிட நன்கறிவான். ஃபோய்ட் நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிவு இவ்வாறே வாடிக்கையாளரின் ஆலைக்குள்ளிருந்து பெறப்பட்டது எனக் கருதலாம். 1848 முதல் ஃபெல்ட்டருடன் இணைந்து மரம் அரைக்கும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தும் பணியில் அவர் ஈடுபட்டார்.

அரைவைக் கல்லிலிருந்து வரும் கூழில் மெல்லிய இழைகளோடு சிம்புகளும் சிராய்களும் கலந்திருந்தன. அவற்றைச் சலித்து ஒதுக்கினால் மரம் வீணாகும். ஒதுக்காவிடில் காகிதம் கரடாகும். 1859இல் ஃபோய்ட் உருவாக்கிய ‘ராஃபினர்’ என்னும் கருவி அந்தக் கரட்டுக் கூழை மீண்டும் அரைத்து நயப்படுத்தியது. காப்புரிமை வழக்காறுகளில் கெல்லர், ஃபெல்ட்டர் பெயர்களே முன்னிற்கின்றன. எனினும் மரக்கூழ் விற்பனைக்குரிய காகிதமாக மாறியதில் இக்கருவியின் பங்கு அவர்களது பங்கிற்குக் குறைந்ததன்று. (அரைத்த மரக்கூழில் லிக்னின் நீங்காமல் தங்குவதால் அக்காகிதம் ஒளிபட்டு மஞ்சளாகும். பழைய செய்தித்தாள்களைக் கையாளும் ஆய்வாளர் நாள்தோறும் காணும் நிறமாற்றத்தின் தொடக்கமும் இத்தொழில்நுட்பத்தில்தான் உள்ளது.)

கூழிலிருந்து சுழலிக்கு

1867இல் பட்டறை மகன் ஃபிரெடரிக் ஃபோய்ட்டின் பொறுப்பில் வந்தது. அப்போது தொழிலாளர் ஏறத்தாழ முப்பதின்மர். 1870இல் நிறுவனம் நீர்ச்சுழலி உற்பத்தியில் இறங்கியது. இதனை வேறொரு தொழிலுக்குத் தாவியதாகக் கொள்வது பொருந்தாது. மரத்தைக் கல்லில் அரைப்பதற்குப் பேராற்றல் வேண்டும். கூழ் ஆலைகள் ஆற்றோரங்களில் அமைந்ததன் காரணமும் அதுவே. அரைவை இயந்திரம் வாங்குபவருக்கு அதனைச் சுழற்றும் விசையும் தேவைப்பட்டது. இவ்வகையில் தொடங்கிய சுழலித் தொழில், புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் நயாகரா நீர்மின் நிலையத்திற்கு 12,000 குதிரைத்திறன் சுழலிகளை வழங்குமளவுக்கு வளர்ந்தது.

முழுமையான காகித இயந்திரம் ஒன்றை நிறுவனம் 1881இல்தான் வழங்கியது. அது நெக்கார் ஆற்றங்கரைக் கெம்ரிக்ஹைம் ஆலைக்குச் சென்றது. காகிதத் துறையோடு அரைநூற்றாண்டுக்கு மேல் தொடர்பு கொண்டிருந்த பட்டறை, அத்துறையின் தலையாய இயந்திரத்தை இவ்வளவு காலம் கழித்தே செய்தது என்பது கருதத்தக்கது.

உடைமையும் பிரிவும்

ஃபிரெடரிக் 1913இல் மறைந்தபின் வால்டர், ஹெர்மன், ஹான்ஸ் என்னும் புதல்வர் மூவரும் பொறுப்பேற்றனர். ஆஸ்திரியாவின் சங்க்ட் பொல்ட்டன் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கிளைத் தொழிற்சாலையை வால்டர் நடத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் குடும்பத்தினரல்லாத ஹூகோ ருப்ஃப் நிருவாகத்தின் தலைமைக்கு உயர்ந்தார். உடைமை குடும்பத்திடமும் ஆட்சி பிறரிடமும் என்னும் பிரிவு அக்காலத்தில் வலுப்பெற்றது.

ஹான்ஸ், ஹெர்மன் கிளையினரிடையே எழுந்த வேறுபாடு 1992இல் சொத்துப் பிரிவினையில் முடிந்தது. ஹெர்மன் கிளையினர் தம் பங்கினைப் பெற்று விலக, இயந்திரத் தொழில் ஹான்ஸ் கிளையிடம் நின்றது. குடும்ப நிறுவனங்கள் பாகப்பிரிவினையால் சிதையும் என்னும் பொதுக்கருத்துக்கு இந்நிகழ்வு முற்றும் இசைவதன்று. ஈராண்டுக்குள், 1994இல், சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனத்துடன் காகிதத் தொழில்நுட்பப் பிரிவுகளை இணைத்து ஃபோய்ட் சுல்சர் என்னும் கூட்டு நிறுவனம் தோன்றியது. அதன் பெரும்பான்மைப் பங்கு ஹைடன்ஹைமிலேயே இருந்தது.