சுரங்கத் தொழிலாளர் இறப்பு: மலையகப் புகையிரதப் பாதை

இலங்கையில் மருதானை வழியாக மலையேறும் புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும் 1924இல் பதுளையையும் எட்டியது. நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் கொண்ட இதன் கட்டுமானத்தில் தென்னிந்தியத் தமிழர் பெருமளவில் உழைத்தனர். கடுகண்ணாவ ஏற்றத்தில் மலேரியாவும் வாந்திபேதியும் பலரைப் பலிகொண்டன. காய்ச்சல் எப்படித் தொழில்சார் நோயாகும் என்று கேட்கலாம். காட்டு முகாமில் அவர்களைக் குடியிருத்தியதே வேலைதான். கற்தூசியின் கணக்கோ இன்னும் மங்கல். மலைநாட்டுப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு; துளைக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலைத் தழும்பாக்கிச் சிலிக்கோசிஸாக வெளிப்படப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேலாகும். அதற்குள் வேலை முடிந்து தொழிலாளி கலைந்துவிடுவார். ஆகவே பதிவின்மையை நோயின்மையாகக் கொள்வது பிழை. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் (1930–31) 109 சிலிக்கோசிஸ் இறப்புகளே ஒப்புக்கொள்ளப்பட்டன. பின்னாளில் மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 764 என மதிப்பிட்டார். அங்கும் பெரும்பாலோர் வேலைதேடி வந்த கறுப்பினத்தவர். தூசியடக்க நீர்விட்டுத் துளைக்கும் முறை அன்றே தெரிந்திருந்தது.