துப்பாக்கி உரிமம்: வன்கொடுமைத் தடுப்பு விதிகள் வகுத்துள்ள கடமை

திருச்சி அரியமங்கலத்திலிருந்து சிறிது தொலைவில், நவல்பட்டுப் பகுதியில், ஒன்றிய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. அங்கு செய்யப்படும் பொருளை யார் வைத்திருக்கலாம், யாரிடமிருந்து அரசு திரும்பப் பெறலாம் என்பதற்கான சட்டத்தை ஒடுக்கப்பட்ட மக்கள் அறிந்திருப்பது அவசியம்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்கள் மீது நிலவுடைமையாளரின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டனர். குடிசையில் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 அன்று ரண்வீர் சேனை 58 பேரின் உயிரைப் பறித்தது. ஆயுதம் ஒரு தரப்பினரிடம் மட்டுமே குவிந்திருப்பது வன்கொடுமைக்குத் துணிவளிக்கிறது என்பதே இவை உணர்த்தும் உண்மை.

விதி 3 கூறுவது

1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் இவ்வுண்மையைக் கணக்கில் கொண்டுள்ளன. விதி 3(1)இன்படி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அவசியமெனக் கருதினால், அப்பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவைப்படின், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்க வேண்டும். உரிமம் வழங்குவதற்கு முன்பாக, ஆதிக்கத் தரப்பின் ஆயுதங்களை அகற்றுவதை விதி வைத்துள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

உரிமம் பெறுதல்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். காவல்துறை அறிக்கை பெற்ற பின்னரே முடிவெடுக்கப்படும். போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. நிலமற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மறுப்புக்கான காரணம் எழுத்தில் பதியப்பட வேண்டும். பிரிவு 18இன்கீழ் மேல்முறையீடும் செய்யலாம். வன்கொடுமைப் புகார் அளித்தவர்மீதே எதிர்வழக்குப் பதியப்படுவதுண்டு. அத்தகைய வழக்கு காவல்துறை அறிக்கையில் இடம்பெறக்கூடும் என்பதால், அதன் பின்னணியை விண்ணப்பத்துடன் எழுத்தில் விளக்குவது நலம்.

வைத்திருத்தலும் எடுத்துச் செல்லுதலும்

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பை உரிமதாரரிடம் ஒப்படைக்கின்றன. தோட்டாக்களை அகற்றிய துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதும், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுவதும், சாவி குழந்தைகளுக்கு எட்டாதிருப்பதும் அடிப்படை நெறிகள். பொது இடத்தில் உறையிலிட்டு, வெளியே தெரியாதவாறு எடுத்துச் செல்ல வேண்டும். பிறரை அச்சுறுத்தக் காட்டலாகாது. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேர்ந்தால் ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கொண்டாட்டத்திற்காகச் சுட்டுப் பிறர் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமம் கிடைத்தாலும் அது சுடுவதற்கான அனுமதி ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கை அவை அனுமதிப்பதில்லை. ஒரு கணக் கவனக்குறைவு, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

செய்ய வேண்டியது

வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பது சேரிக்கு முழுப் பாதுகாப்பாகிவிடாது. எனவே முதல் கோரிக்கை, விதி 3இன் கடமைகளை அரசு நிறைவேற்ற வேண்டும் என்பதாகவே இருக்க வேண்டும். விதி 17இன்கீழ் அமைந்த மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தெந்தப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன, அங்கு எத்தனை உரிமங்கள் உள்ளன, எத்தனை ரத்து செய்யப்பட்டன என்ற கேள்விகளை அக்குழுவின் முன்னும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் எழுப்ப வேண்டும். தாக்குதல் நடந்த பின் இழப்பீடு கோருவதைவிட, நடக்குமுன் இக்கேள்விகளைக் கேட்பதே உயிர்களைக் காக்கும்.