ஏலத்தில் போன ஆய்வுக் கருவி

1968ஆம் ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை, பொருள்கள்மீது காமாக் கதிர் பாய்ச்சி ஆராய்வதற்கான கருவியொன்றைக் கனடாவிலிருந்து தருவித்தது. அதன் கனத்த ஈயக் கவசத்துக்குள் கோபால்ட்-60 கோல்கள் இருந்தன. 1985க்குப் பின் எவரும் அதனைப் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில், வேண்டாத பழைய சாமான்களோடு அதுவும் ஏலத்தில் போயிற்று.

மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் தொழிலாளர்கள் அதனைப் பிரித்தார்கள். ஒருவர் துண்டொன்றைத் தம் பணப்பையில் வைத்துக்கொண்டார். சிலருக்குத் தோல் கருத்தது, முடி உதிர்ந்தது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். கோபால்ட்-60இன் வீரியம் ஏறத்தாழ 5 ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே 1985இல் இருந்ததில் சுமார் 25இல் ஒரு பங்கே அப்போது எஞ்சியிருந்தது. அதுவே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமாயிற்று.

ஆய்வுக்கூட விபத்து என்றால் மாணவரின் கையில் தெறித்த அமிலமே நம் நினைவுக்கு வரும். கண்ணாடி அணிக, பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே என்று கற்பிப்பதும் அதற்காகவே. மாயாபுரியில் துன்புற்றோரோ எந்த ஆய்வும் செய்தவர்கள் அல்லர்.

திண்டுக்கல்லுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறிட்ட தோல் தொழில், சுற்றுப்புறக் கிணறுகளை உப்பாக்கியும் விட்டது. அக்கழிவு நீரைச் சோதிக்கும் மாணவர், அதனைப் பொட்டாசியம் டைகுரோமேட்டோடும் அடர் கந்தக அமிலத்தோடும் இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கிறார். தோலுக்கு இட்ட உப்பு கணக்கைக் குலைத்துவிடும் என்பதால் பாதரச சல்பேட்டும் சேர்க்கிறார். பின்னர் ப்யூரெட்டில் அளவு பார்த்து, எண்ணை ரெக்கார்டு நோட்டில் குறித்துக்கொள்கிறார். ஊர் நீரின் மாசை அளந்தவர் கையில் இறுதியில் மிஞ்சுவது, குரோமியமும் பாதரசமும் அமிலமும் கலந்த ஒரு குடுவை. விந்தைதான்.

கழுவுதொட்டியில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அத்தொட்டியின் குழாய், சாக்கடை வாரும் தொழிலாளியிடமும் அடுத்த தெருக் கிணற்றிடமும் அல்லவா சென்று சேர்கிறது? பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அதனைக் கற்ற வீட்டுப் பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத பாதையில் இடையூறொன்றைப் போடுவது எவ்வாறு தகும்?

மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், மிச்சத்தை எங்கே ஊற்றினாய் என்றும் கேட்கலாம். அது மூடியுள்ள தனிக் கலனில் சேர வேண்டியது. உள்ளிருப்பது இன்னதென்று கலன்மேல் தேதியோடு எழுதி ஒட்டி, அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டியது.